நீங்கள் கேட்டவை: மிஞ்சிய மோரில் பஞ்சு பிஸ்கட் செய்ய முடியுமா?

சென்ற இதழ்களில் பால் பொருள்கள் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, ஈஸ்ட், பன், பிஸ்கட் தொடர்பாகப் பல கேள்விகள் வந்துள்ளன. ஒன்றோடு ஒன்று தொடர்புடையவை என்பதால் அவற்றுக்கு இந்த இதழில் மொத்தமாகப் பதில் சொல்லிவிடலாம்.

“2 எருமையும் 1 பசுவும் வைத்திருக்கிறோம். வாரம் 2 முறை வெண்ணெய் கடைகிறோம். மோர் மிஞ்சிப்போகிறது. மோரும் ஈஸ்ட்டும் சேர்த்துச் செய்யும் மெத்தென்ற அமெரிக்க பிஸ்கட் ஒன்று இருப்பதாக மகள் சொல்கிறாள். பிஸ்கட் என்றாலே மொறுமொறு என்றுதானே இருக்கும்? அதை வீட்டில் செய்ய முடியுமா?”
- வாசகி, ஒட்டன்சத்திரம்

தாராளமாகச் செய்யலாம். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிஸ்கட் என்ற சொல்லுக்கு லத்தீன் மொழியில் ‘இருமுறை சுட்டது’ என்று பொருள். இங்கிலாந்து வழியாக நமக்கு வந்தது அந்த மொறுமொறு பிஸ்கட். அமெரிக்காவில், குறிப்பாக அதன் தென் மாநிலங்களில், பிஸ்கட் என்றால் நம் பன்னுக்கும் பஃப்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பண்டம். மேலே லேசாகப் பொன்னிறம், உள்ளே பஞ்சு, பிரித்தால் அடுக்கு அடுக்காக வரும். வெண்ணெய், தேன், ஜாம் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

சாதாரணமாக அதை பேக்கிங் பவுடரும் சோடாவும் போட்டுத்தான் செய்வார்கள். ஈஸ்ட்டையும் சேர்த்துச் செய்வதை ‘ஏஞ்சல் பிஸ்கட்’ என்கிறார்கள். ‘மணப்பெண் பிஸ்கட்’ என்றும் ஒரு பெயர் உண்டு. மாவை உப்ப வைக்க மூன்று பொருள்கள் இருப்பதால், ஒன்று காலை வாரினாலும் மற்ற இரண்டும் காப்பாற்றிவிடும். சமையலுக்குப் புதிதான மணப்பெண் செய்தாலும் தப்பாது என்பதால் வந்த பெயர் அது.

இதில் மோருக்கு முக்கியமான வேலை உண்டு. மோரின் புளிப்பு ஆப்ப சோடாவோடு சேர்ந்ததும் வாயு கிளம்பும். மாவு மிருதுவாவதும் அதே புளிப்பால்தான். நீங்கள் தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கும்போது கிடைக்கும், தண்ணீர் அதிகம் கலக்காத மோர் இதற்கு ஏற்றது. மோர் நீர்த்திருந்தால் பாதி தயிர், பாதி மோர் என்று கலந்துகொள்ளுங்கள்.

தேவையானவை (12 பிஸ்கட்டுக்கு)

மைதா 300 கிராம், வெண்ணெய் 100 கிராம், கெட்டி மோர் 200 மில்லி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உலர் ஈஸ்ட் 1 தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, ஆப்ப சோடா அரை தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 2 மேசைக்கரண்டி.

செய்முறை

1. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் கலக்கி 10 நிமிடம் வையுங்கள். நுரைத்து வர வேண்டும்.

2. மைதா, மீதிச் சர்க்கரை, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா ஒரே இடத்தில் தங்கினால் அங்கே மஞ்சள் புள்ளியும் சோப்பு வாடையும் வரும்.

3. வெண்ணெய் குளிர்ச்சியாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வீட்டு வெண்ணெயில் மோர் நிற்கும். நன்றாக அலசி, பிழிந்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். சிறு துண்டுகளாக்கி மாவில் போட்டு விரல் நுனியால் பிசிறுங்கள். பட்டாணி அளவில் சில கட்டிகள் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். அவைதான் அடுப்பில் உருகி அடுக்குகளை உண்டாக்கும்.

4. நடுவில் குழி செய்து ஈஸ்ட் தண்ணீரையும் மோரையும் ஊற்றிக் கலக்குங்கள். மோரை ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். மாவு சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டும் பதத்தில் இருந்தால் போதும்.

5. மாவு தூவிய பலகையில் கொட்டி 8, 10 முறை மட்டும் லேசாகப் பிசைந்து, மடித்துத் தட்டுங்கள். பரோட்டா மாவைப் போல அடித்துப் பிசைந்தால் ரப்பராகிவிடும்.

6. 2 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, 6 சென்டிமீட்டர் வாய் உள்ள டம்ளரால் வெட்டுங்கள். நேராக அழுத்தி நேராக எடுங்கள். டம்ளரைத் திருகினால் ஓரம் நசுங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும்.

7. வெண்ணெய் தடவிய தட்டில் ஒன்றை ஒன்று தொடும்படி அடுக்குங்கள். பக்கத்தில் இடம் இல்லாததால் மேல்நோக்கி எழும்பும். ஈரத் துணியால் மூடி 30 முதல் 40 நிமிடம் வையுங்கள்.

8. முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்து, சூடாக இருக்கும்போதே உருக்கிய வெண்ணெய் தடவுங்கள்.

இந்த மாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 4, 5 நாள் வரை தேவையான அளவு எடுத்து எடுத்துச் சுடலாம். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது உதவும்.

“யூடியூபில் பார்த்து இரண்டு முறை பன் செய்தேன். இரண்டு முறையும் கல் மாதிரி வந்தது. ஈஸ்ட் கெட்டதா, நான் கெடுத்தேனா?”
- வாசகி, பரமக்குடி

ஈஸ்ட் என்பது உயிருள்ள, ஒரே செல்லால் ஆன ஒரு பூஞ்சை. நம் வயலில் விடும் உயிர் உரங்களைப் போலத்தான் இதையும் பாதுகாக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் அது உறக்கத்தில் இருக்கிறது. ஈரமும் இனிப்பும் கிடைத்தால் விழித்து, சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் சாராயத்தையும் வெளிவிடும். வாயு மாவை உப்ப வைக்கும். சாராயம் அடுப்பில் ஆவியாகிவிடும்.

அதைக் கொல்வது பெரும்பாலும் கொதிநீர்தான். 35 முதல் 40 டிகிரி வரை அதற்குப் பிடித்த சூடு. 55 டிகிரியைத் தாண்டினால் சாகத் தொடங்கும். வெப்பமானி இல்லாவிட்டால் பரவாயில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் சூடுதான் அளவு. விரலை வைத்தால் சுடக் கூடாது. ஈஸ்ட்டின் மேல் நேரடியாக உப்பைக் கொட்டினாலும் அது சோர்ந்துபோகும்.

அடுத்த காரணம், பழைய ஈஸ்ட். கடையில் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுப்பங்கரை அலமாரியில் வைத்தால் நம் ஊர் வெக்கையில் சீக்கிரமே வீரியம் போய்விடும். ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக நுரைக்கும் சோதனையைச் செய்யுங்கள். 10 நிமிடத்தில் நுரை வரவில்லை என்றால் அந்த ஈஸ்ட்டைக் கொட்டிவிடுங்கள். 5 ரூபாய் ஈஸ்ட்டோடு நஷ்டம் நின்றுவிடும். மாவும் வெண்ணெயும் மிஞ்சும்.

பேக்கரிக்காரர்கள் கட்டியாக வாங்கும் ஈர ஈஸ்ட் கிடைத்தால், 10 கிராம் ஈர ஈஸ்ட்டுக்கு 4 கிராம் உலர் ஈஸ்ட், அல்லது 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈர ஈஸ்ட் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். அப்படியும் இரண்டு, மூன்று வாரம்தான் தாங்கும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘2 மணி நேரம் உப்ப விடுங்கள்’ என்று இருக்கும். அது குளிர்ந்த ஊருக்கு எழுதியது. சித்திரை, வைகாசியில் உங்கள் ஊரில் அதே மாவு 45 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்து, பொங்கி, அடுப்பில் வைத்ததும் அமுங்கிவிடும். அதனால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், மாவைப் பாருங்கள். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். உடனே எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். எழும்பவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது. கோடையில் பன் மாவு பிசையக் குளிர்ந்த தண்ணீரே போதும், ஈஸ்ட்டையும் கால் பங்கு குறைத்துக்கொள்ளலாம்.

“மைதாவே வேண்டாம் என்று எங்கள் வயல் கேழ்வரகு மாவில் மட்டும் செய்து பார்த்தோம். உப்பவே இல்லை. ஏன்?”
- வாசகர், கிருஷ்ணகிரி

கோதுமையில் இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது அவை சேர்ந்து ‘குளூட்டன்’ என்ற இழுபடும் வலையாகின்றன. ஈஸ்ட் விடும் வாயு பலூனுக்குள் இருப்பதுபோல அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. கேழ்வரகிலும் கம்பிலும் சோளத்திலும் இந்த வலை இல்லை. ஈஸ்ட் தன் வேலையைச் செய்கிறது, ஆனால் வாயுவைப் பிடித்துவைக்க ஆள் இல்லை.

அதனால் மொத்த மாவில் நாலில் ஒரு பங்கு வரை சிறுதானிய மாவு சேருங்கள். மேலே சொன்ன அளவில் 225 கிராம் மைதா, 75 கிராம் கேழ்வரகு மாவு. சிறுதானிய மாவு தண்ணீரை மெதுவாகவும் அதிகமாகவும் குடிக்கும். எனவே கேழ்வரகு மாவை அந்த 200 மில்லி மோரில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். தேவைப்பட்டால் 2, 3 மேசைக்கரண்டி மோர் கூடுதலாக ஊற்றலாம். இப்படிச் செய்தால் நறநறப்பும் இருக்காது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கால் பங்கு சேர்த்தாலும் பிள்ளைகளுக்கு அந்த அளவுக்கு லாபம்தான்.

முழுக் கோதுமை மாவு என்றால் பாதிக்குப் பாதி போடலாம். அதன் தவிடு வலையைக் கொஞ்சம் அறுத்துவிடும் என்பதால் உயரம் சற்றுக் குறையும், ருசி கூடும்.

“ஈஸ்ட்டுக்குப் பதிலாக இட்லி மாவு அல்லது கள் சேர்க்கலாமா? அந்தக் காலத்தில் ஆப்பத்துக்குக் கள் ஊற்றுவார்களே?”
- வாசகர், உடன்குடி

நல்ல கேள்வி. கள்ளில் இயற்கையாகவே ஈஸ்ட் உண்டு. கேரளத்திலும் இலங்கையிலும் ஆப்பத்துக்கும், கோவாவில் ‘பாவ்’ ரொட்டிக்கும் கள்தான் புளிக்காடியாக இருந்தது. கோவாவுக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் ஈஸ்ட் கிடைக்காத இடத்தில் தென்னங்கள்ளைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால், தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் அந்த வழி நமக்கு இல்லை. பதநீரும் உதவாது. கலயத்தில் தடவும் சுண்ணாம்பு, நொதிப்பதைத் தடுக்கத்தானே இருக்கிறது!

இட்லி மாவின் கதை வேறு. அதை உப்ப வைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுடையது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்துவைக்கிறது. மைதாவில் இட்லி மாவைக் கலந்தால் புளிப்பு வரும், பன் அளவுக்கு உயரம் வராது.

ஈஸ்ட் வாங்காமல் செய்ய வேண்டும் என்றால் கோதுமைக் காடி வளர்க்கலாம். 50 கிராம் முழுக் கோதுமை மாவு, 50 மில்லி தண்ணீர் கலந்து, துணியால் மூடி வையுங்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு புது மாவும் தண்ணீரும் சேருங்கள். ஒரு வாரத்தில் மாவு போட்ட சில மணி நேரத்திலேயே இரு மடங்காகப் பொங்கத் தொடங்கும். அப்போது பயன்படுத்தலாம். பச்சை, கறுப்பு, ரோஜா நிறத்தில் ஏதாவது படர்ந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

“ஓவன் இல்லை. குக்கரில் செய்யலாமா?”
- வாசகி, மன்னார்குடி

செய்யலாம். ஆனால் பயன்பாட்டில் இருக்கும் நல்ல குக்கர் வேண்டாம், தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் பாழாகும். கனமான பழைய அலுமினியப் பாத்திரமோ பழைய குக்கரோ போதும். குக்கர் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அடியில் ஒரு அங்குலத்துக்கு மணலோ கல் உப்போ பரப்பி, அதன்மேல் பிரிமனை போன்ற ஒரு தாங்கியை வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு பிஸ்கட் தட்டை வைத்து 20 முதல் 25 நிமிடம் மூடிவையுங்கள். இடையில் திறக்க வேண்டாம். அடி சிவக்கும், மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். நிறம் வேண்டுமானால் கடைசியில் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவிக் கவிழ்த்து ஒரு நிமிடம் வையுங்கள்.

மின்சார ஓ.டி.ஜி. வாங்கினால், 1,500 வாட் அடுப்பு 40 நிமிடம் தொடர்ந்து ஓடினால் 1 யூனிட் ஆகும். ஒரு தட்டு பிஸ்கட்டுக்கு அதற்கு மேல் செலவாகாது.

“எங்கள் குழுவில் 10 பெண்கள். பாலுக்கு விலை கட்டவில்லை. நகையை அடகு வைத்து, லட்ச ரூபாய்க்கு மேல் போகும் பேக்கரி ஓவன் வாங்கி, பன், பிஸ்கட் தொழில் தொடங்கலாம் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?”
- வாசகி, வேடசந்தூர்

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அடகுக் கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள். மேலே சொன்ன 12 பிஸ்கட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஓர் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மைதா 15 ரூபாய், வெண்ணெய் 60 ரூபாய், மோர் 15 ரூபாய், சர்க்கரை 2 ரூபாய், ஈஸ்ட், பவுடர் வகை 8 ரூபாய், எரிபொருள் 10 ரூபாய். மொத்தம் 110 ரூபாய். ஒன்றுக்கு ஏறக்குறைய 9 ரூபாய். உறையும் லேபிளும் 1 ரூபாய். ஆக 10 ரூபாய். 15 ரூபாய்க்குக் கடையில் போட்டால் கடைக்காரர் 20 சதவிகிதம், அதாவது 3 ரூபாய் எடுத்துக்கொள்வார். உங்களுக்கு மிஞ்சுவது 2 ரூபாய். 12 பிஸ்கட்டுக்கு 24 ரூபாய். இதில்தான் உங்கள் கூலி, விற்காமல் திரும்பிய சரக்கு, கடனுக்கு வட்டி எல்லாமே அடங்க வேண்டும். அடங்குமா? அடங்காது.

அதே பிஸ்கட்டை நேரடியாக வீடுகளுக்கு ஆர்டர் எடுத்து விற்றால் ஒன்றுக்கு 5 ரூபாய், 12-க்கு 60 ரூபாய் மிஞ்சும். அப்படியென்றால் உங்கள் லாபம் ஓவனில் இல்லை, ஆர்டரில்தான் இருக்கிறது.

‘வெண்ணெயும் மோரும் நம் வீட்டுடையதுதானே, செலவே இல்லையே’ என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். வெளியில் விற்றால் வரும் விலையைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாடு சம்பாதித்ததைப் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. செலவைக் குறைக்க டால்டா பக்கம் போவதும் சரியாக வராது. வெண்ணெய் மணம்தான் உங்கள் சரக்கைக் கடைச் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும்.

நாங்கள் சொல்வது இதுதான். நகையை இப்போது தொட வேண்டாம். ஒரு சின்ன ஓ.டி.ஜி.யைக் குழுவில் பகிர்ந்து வாங்குங்கள். 3 மாதம் ஆர்டரின் பேரில் மட்டும் செய்யுங்கள். எத்தனை சுட்டோம், எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது என்று தினமும் எழுதுங்கள். சின்ன அடுப்பால் ஆர்டரைச் சமாளிக்க முடியாத நிலை வாரத்தில் 4 நாள் வந்தால், அப்போது பெரிய ஓவனைப் பற்றிப் பேசுங்கள்.

அப்போதும் அடகுக் கடை கடைசி வழியாக இருக்கட்டும். பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில், வங்கிக் கடனோடு இணைந்து 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுத்து வருகிறார்கள். வங்கியிலும் மாவட்டத் தொழில் மையத்திலும் விண்ணப்பம் இப்போது வாங்குகிறார்களா என்று கேளுங்கள். மானியம் கைக்கு வரும் முன் அதை நம்பி எதையும் வாங்க வேண்டாம். பயிற்சிக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றில் விசாரியுங்கள்.

விற்பனை சின்ன அளவில் இருந்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால் சாதாரணப் பதிவே போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். 14 இலக்கப் பதிவு எண், சேர்த்த பொருள்கள், எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பதையெல்லாம் லேபிளில் போடுங்கள். கடையில் ‘மாவு நன்றாக எழும்பும்’ என்று பெயர் தெரியாத வெள்ளைத் தூள் கொடுத்தால் வாங்காதீர்கள். முன்பு ரொட்டியில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இதில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. சுட்ட அன்றும் மறுநாளும்தான் விற்பனைக்கு ஏற்றது. சூடு முழுவதும் ஆறிய பிறகே உறையில் போடுங்கள். பிய்த்துப் பார்த்தால் உள்ளே நூல் நூலாக இழுபட்டு, அழுகிய பழ வாடை வந்தால், அது சுட்டும் சாகாத ஒரு பாக்டீரியாவின் வேலை. அந்தத் தட்டு முழுவதையும் கொட்டிவிட்டு, பலகை, பாத்திரங்களை வினிகர் கலந்த வெந்நீரால் கழுவிக் காயவையுங்கள். ஒரு நாள் சரக்கு போனால் அடுத்த நாள் சம்பாதித்துவிடலாம். தெருவில் ஒரு குழந்தைக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், குழுவின் பெயரைத் திரும்பச் சம்பாதிக்க வருடக்கணக்காகும்.

அடுத்த இதழில், தென்னையில் குரும்பை உதிர்வது பற்றி வந்துள்ள கேள்விகளுக்குப் பதில். உங்கள் சந்தேகங்களை, ஊர்ப் பெயரோடு தெளிவாக எழுதி அனுப்புங்கள்.